கினி பிக் ஒன்னுக்குப் போகும்போது கத்துகிறதா? அறிகுறி பார்த்து என்ன செய்வது

என் மேசை டிராயரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே துவரம்பருப்பு அளவில் ஒரு கல். வெளிர் மஞ்சள் நிறம், தடவினால் கல்கண்டு போலச் சொரசொரக்கும். கறுப்பி என்று நாங்கள் கூப்பிட்ட கினி பிக்கின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்தது.

அந்தக் கல் வெளியே வருவதற்கு ஒரு வருடம் முன்பு, ராத்திரி பத்து மணிக்கு அதே கறுப்பியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். கூண்டுத் துணியில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. ரத்தம் என்று நினைத்துவிட்டேன். ரத்தமே இல்லை. நிஜமாகவே கல் இருந்தபோதோ நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்னுக்குப் போகும்போது 'கீ' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதைப் பசிக்கிறது போல என்று ஒன்பது நாள் விட்டுவைத்தேன்.

பதற வேண்டாததற்குப் பதறி, பதற வேண்டியதற்குச் சும்மா இருந்தேன். இதை அறிகுறி வாரியாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். உங்கள் வீட்டுக் குட்டிக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுக்கூட வரவில்லை. அடிவயிறு பந்து போல் இறுகியிருக்கிறது, தொட்டால் துள்ளுகிறது. அரை நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை, புழுக்கையும் விழவில்லை. உடம்பு சில்லென்று, காதும் பாதமும் வெளுத்து, மூலையில் மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் புழு நெளிகிறது. கர்ப்பிணி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

சிறுநீர்ப் பாதை முழுதாக அடைத்துக்கொண்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம். அப்படிச் சந்தேகம் இருக்கும்போது சிரிஞ்சில் தண்ணீரை வலிந்து புகட்டவும் வேண்டாம். வெளியே போக வழியில்லாத இடத்தில் இன்னும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். வயிற்றை அமுக்கி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.

முதலில், இயல்பான சிறுநீர் எப்படி இருக்கும்

நாய், பூனை வளர்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம். கினி பிக்கின் மூத்திரம் தெளிவாக இருக்காது. அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி கலங்கலாக இருப்பதுதான் சரி. நமக்கு உணவில் மிஞ்சிய கால்சியம் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். முயல், கினி பிக் இரண்டுக்கும் அது ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரும் காரத்தன்மை கொண்டது, பி.எச். 8 முதல் 9 வரை. காரமும் கால்சியமும் சேர்ந்தால் சுண்ணாம்புப் பொடி போலப் படியத்தானே செய்யும்? கல் உண்டாவதும் இதே வழியில்தான். கினி பிக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்.

கூண்டில் நான் போடுவது பழைய வெள்ளை வேட்டித் துண்டு. மரத்தூள் போட்டால் எல்லாவற்றையும் உறிஞ்சி மறைத்துவிடும், கலர் துணியில் எதுவும் தெரியாது. வெள்ளைத் துணியில் சிறுநீர் காய்ந்தால் ஓரம் மஞ்சளாகவும் நடுவில் கோலமாவு தூவியது போல மெல்லிய வெள்ளையாகவும் ஒரு வட்டம் நிற்கும். அந்த வெள்ளையை விரலால் தேய்த்தால் மாவு போல உதிர வேண்டும். வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் கரையும். (தட்டில் படிந்த கறை போகவும் அதே வினிகர்தான்.) மாவுக்குப் பதிலாக மணல் போல நறநறத்தால் விஷயம் வேறு, கீழே வருகிறேன்.

சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு நிறம்

முதல் கேள்வி: விழும்போதே சிவப்பா, விழுந்த பிறகு சிவந்ததா? இவற்றின் சிறுநீரில் சில நிறமிகள் உண்டு. காற்றுப் பட்டால் அவை ஆரஞ்சிலிருந்து துரு நிறம் வரை கறுத்துவிடும். காலையில் கூண்டைத் திறந்ததும் நீங்கள் பார்ப்பது ராத்திரி முழுக்கக் காய்ந்த கறை. பீட்ரூட் கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஆட்டோ பிடித்த ராத்திரியின் கதை இதுதான்.

கண்டுபிடிக்க, குட்டியை எவர்சில்வர் தாம்பாளத்திலோ வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பிலோ விடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளரித் துண்டு. கால் மணி, அரை மணி நேரத்தில் எப்படியும் போய்விடும். அந்தப் புதுச் சிறுநீரை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். ரத்தம் இருந்தால் பொங்கி நுரைக்கும், வெறும் நிறமி என்றால் சும்மா நனையும். சொட்டு டிஷ்யூவில்தான் விழ வேண்டும், குட்டியின் மேல் அல்ல. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மனிதர்களுக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கலாம். ரத்தம், சர்க்கரை, கீட்டோன், பி.எச். நான்கையும் ஒரே முக்கில் காட்டிவிடும். அதில் பி.எச். 8, 9 என்று வந்தால் பயப்பட வேண்டாம், புரதக் கட்டம் லேசாகப் பச்சையானாலும் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். காரச் சிறுநீரில் அந்தக் கட்டம் பொய் சொல்லும்.

நுரைத்துவிட்டது என்றால் ரத்தம் எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. பெண் கினி பிக்குக்கு மாதவிடாய் கிடையாது. ஆகவே ரத்தம் எப்போதுமே நோயின் அடையாளம். அதுவும் சிறுநீரிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது. கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பையில் சீழ் இரண்டிலும் ரத்தம் கசிந்து துணியில் சிறுநீரோடு கலந்துவிடும். சிறுநீர் இல்லாத இடத்திலும் தனியாக ரத்தத் துளி தெரிந்தால் கர்ப்பப்பைப் பக்கம் சந்தேகப்படுங்கள். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் உதிர்ந்திருந்தால் சினைப்பைக் கட்டியும் இருக்கலாம், வயதான பெண்களில் அது ரொம்ப சகஜம். இதையெல்லாம் வீட்டில் பிரித்தறிய முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். ரத்தம் உறுதியானால் அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று குட்டிகள் சேர்ந்து இருக்கின்றன, யார் என்று தெரியவில்லையா? நடுவில் கம்பி வலை வைத்து ஒரு ராத்திரி பிரித்துப் போடுங்கள். பார்த்துக்கொள்ளட்டும், வாசம் பிடிக்கட்டும், துணி மட்டும் தனித்தனி.

வெள்ளையாக, கெட்டியாக வருகிறது

எப்போதாவது ஒரு வெள்ளைச் சொட்டு, காய்ந்து மாவாக உதிர்கிறது என்றால் கீரையைக் குறைத்துக்கொண்டு கவனித்தால் போதும். பற்பசை போலக் கெட்டியாக வந்தால், காய்ந்ததைத் தேய்க்கும்போது மணலாக நறநறத்தால், ஒவ்வொரு முறையும் அப்படியே இருந்தால், பையின் அடியில் சுண்ணாம்புச் சேறு தேங்குகிறது என்று அர்த்தம். அந்தச் சேறு பையின் உள்சுவரைத் தேய்த்துப் புண்ணாக்கும். பின்னால் கல்லாகவும் திரளலாம்.

இந்தக் கட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் பாட்டில். சிரிக்காதீர்கள். எங்கள் வீடு தாம்பரம் பக்கம், போர் தண்ணீர். அதில் உப்புப் படிந்து பாட்டில் முனையில் உருள வேண்டிய குண்டு இறுகிப்போய்விடும். தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே குட்டி முனையை நக்கி நக்கி அலுத்துப் போயிருக்கும். தினமும் விரலால் குண்டைத் தட்டிப் பாருங்கள், சொட்டு விழ வேண்டும். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரியும். சுமாராக ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 100 மில்லி. பச்சை நிறையத் தின்றால் இது குறையும். பாட்டில் பிடிக்காத குட்டிகளுக்குக் கனமான மண் கிண்ணம் ஒன்றும் கூட வையுங்கள். வீட்டில் நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்களோ அதையே அதற்கும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

சேறு தொடர்ந்தால் எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும்.

நேர்மாறாக, சாப்பிடாமல் கிடக்கும் ஒரு குட்டியின் சிறுநீர் திடீரென்று கலங்கல் போய்ப் பளிங்கு போலத் தெளிந்துவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். பட்டினியில், அதுவும் பருத்த உடம்பிலோ கர்ப்பத்திலோ, உடல் கொழுப்பை எரிக்க ஆரம்பித்து ரத்தம் அமிலமாகும்போது இப்படித் தெளியும். பட்டையில் பி.எச். 5, 6 என்று இறங்கியிருக்கும், கீட்டோன் கட்டம் நிறம் மாறியிருக்கும். இதுவும் அவசரம்தான்.

கத்துகிறது, முதுகை வளைக்கிறது

இந்தப் பகுதியைத்தான் நான் அன்றைக்குப் படித்திருக்க வேண்டும்.

கினி பிக் சத்தம் போடாத நேரமே கிடையாது. ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் விசில் அடிக்கும், கொத்தமல்லிக் கட்டின் கவர் சரசரத்தால் வீடே அதிரும். அதனால் ஒரு 'கீ' நம் காதில் ஏறாது. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. பசிச் சத்தம் நம்மைப் பார்த்து, தலையைத் தூக்கி, நீளமாக வரும். வலிச் சத்தம் யாரையும் பார்க்காமல் வரும். கறுப்பி மூலைக்குப் பின்வாங்கிப் போவாள். பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, முதுகைக் கூன் போட்டு, கண்ணைப் பாதி மூடி அசையாமல் நிற்பாள். கடைசிச் சொட்டு வரும் நேரத்தில் ஒரு மெல்லிய கீச்சு. அதற்கப்புறமும் சில நொடி அதே நிலை. பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் புல்லைத் தின்னப் போய்விடுவாள். பல்லை நறநறவென்று கடிப்பதும் வலிதான். புழுக்கை போடும்போது கத்தினாலும் மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கும்போது பையில் இருக்கும் கல் அழுத்துவதால் அப்போதும் வலிக்கும்.

இரையாகும் மிருகம் வலியைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் கழுகுக்கும் நரிக்கும் தெரிந்துவிடுமே. ஆகவே உங்கள் காதுக்கு எட்டும் அளவுக்குக் கத்துகிறது என்றால், வலி வந்து பல நாள் ஆகியிருக்கும்.

இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பையில் கிருமித்தொற்று, அல்லது கல். பெண்களுக்குச் சிறுநீர்த் துளை ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கம், பாதையும் குட்டை, அதனால் குடலில் இருக்கும் ஈ கோலை போன்ற கிருமிகள் சுலபமாக ஏறிவிடும். கல் ஆண், பெண் இருவருக்கும் வரும். கல் இருக்கும் இடத்தில் தொற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதுதான் சிக்கல். ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ஒரு வாரம் கத்தாது, அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிக்கும். முதல் கோர்ஸ் முடிந்து திரும்பவும் வந்தால் இரண்டாவது கோர்ஸுக்குச் சரி என்று தலையாட்டாதீர்கள், எக்ஸ்-ரே கேளுங்கள். கால்சியம் கற்கள் எக்ஸ்-ரேயில் எலும்பு போலப் பளிச்சென்று தெரியும். கறுப்பியின் படத்தில் இடுப்பெலும்புக்கு முன்னால் முத்து வைத்த மாதிரி இருந்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாக் கத்தலும் சிறுநீர்க் கோளாறும் அல்ல. மனிதரைப் போலவே கினி பிக்குக்கும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. அது குறைந்தால் மூட்டு வீங்கி, தூக்கும்போதும் நடக்கும்போதும் கத்தும். பாதத்தில் புண் இருந்தாலும் அப்படித்தான். எப்போது கத்துகிறது என்று இரண்டு நாள் குறித்து வைத்தால் இது பிடிபட்டுவிடும். ஆனால் இரண்டு நாள்தான், என்னைப் போல ஒன்பது நாள் அல்ல.

சொட்டுச் சொட்டாக, அடிக்கடி

நம் ஊரில் நீர்க்கடுப்பு என்று சொல்வோமே, அதேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, ரூபாய் நாணய அளவுகூட நனையாமல் எழுந்துவிடும். தொற்று, சேறு, கல் மூன்றிலும் இது வரும். கல் பையை விட்டு இறங்கிச் சிறுநீர்க் குழாயில் சிக்கினாலும் வரும். அது முழு அடைப்பாக மாற அதிக நேரம் ஆகாது. காலையில் சொட்டு, மாலையில் ஒன்றுமில்லை என்றால் மேலே சொன்ன அவசரப் பகுதிக்கு வந்துவிட்டீர்கள். பெண்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: குழாயின் வாய்க்கு அருகில் வந்து நிற்கும் கல்லை, மயக்க மருந்து கொடுத்து, அறுக்காமலே மருத்துவர் எடுத்துவிட முடிவதுண்டு. நீங்கள் முயற்சி செய்யக் கூடாது.

ஆண்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விந்தோடு வரும் பசை கெட்டியாகி, மெழுகுத் துண்டு போலக் குழாயை அடைத்துக்கொள்ளும். குறியைச் சுற்றி மயிர் வளையமாகச் சுருண்டு இறுக்கவும் செய்யும். வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வயதான ஆண்களுக்கு ஆசனவாய்ப் பையில் மலம் தேங்கி நாறும். அது சிறுநீர்க் கோளாறு அல்ல, ஆனால் பின்பக்கம் நனைந்து நாறுவதால் அப்படித் தோன்றும்.

பின்பக்கம் எப்போதும் ஈரம்

தொற்றும் சேறும் இங்கேயும் முதல் சந்தேகம். அதற்கப்புறம் பருமன், மூட்டுவலி, முதுமை. உடம்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் இருந்த இடத்திலேயே போய்விடும். நீள மயிர் வகை என்றால் பாவாடை மாதிரி தொங்குவதை வெட்டிவிடுங்கள், பாதிப் பிரச்சினை முடிந்தது. சிறுநீர் பட்டுப் பட்டுத் தோல் வெந்து சிவக்கும். பின்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நன்றாகத் துவட்டுங்கள். டால்கம் பவுடர் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஈரமான பின்பக்கம் ஈயைக் கூப்பிடும், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மழைக்காலத்திலும் கோடையிலும் தினம் இரண்டு வேளை புரட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

நிறையக் குடிக்கிறது, நிறையப் போகிறது

வெள்ளரியும் தர்பூசணியும் நிறையக் கொடுத்தால் நிறையப் போகும், அது கணக்கில் வராது. அதெல்லாம் இல்லாமல் பாட்டில் வழக்கத்தைவிட இரட்டிப்பாகக் காலியாகிறது, எடையும் இறங்குகிறது என்றால் சிறுநீரகமோ சர்க்கரையோ. பட்டையில் சர்க்கரைக் கட்டம் பார்த்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இது அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது.

பெண் ஒன்று, துரத்தும் ஆணின் முகத்தில் பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தால் அது நோயே இல்லை, 'போடா' என்கிறது.

மருந்துக்கடைக்குப் போகும் முன்

கறுப்பி கத்துவதைக் கடைசியில் ஒருவழியாக ஒப்புக்கொண்ட அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் ஒரு மருந்துக்கடை. விஷயத்தைச் சொன்னேன். "குழந்தைங்களுக்குக் குடுக்கிறதுதான் சார், ஒண்ணும் பண்ணாது" என்று அமாக்சிசிலின் சிரப்பை எடுத்து வைத்தார்கள். பணம் கூடக் கொடுத்துவிட்டேன். மருந்தைப் புகட்டும் முன் ஒரு கால்நடை மருத்துவ நண்பருக்கு போன் போட்டதால் பிழைத்தாள்.

கினி பிக்கின் குடல் முழுக்க நல்ல பாக்டீரியாக்களை நம்பி ஓடுகிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் உட்பட்ட பென்சிலின் குடும்பம், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் இவற்றை வாய்வழி கொடுத்தால் அந்த நல்ல பாக்டீரியா செத்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி, அதன் விஷத்தில் சில நாளில் குட்டியே போய்விடும். நாய்க்குச் சரி, குழந்தைக்குச் சரி, இதற்கு விஷம். சிறுநீர்த் தொற்றுக்குக் கினி பிக்குகளில் வழக்கமாகப் பயன்படுவது டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா அல்லது என்ரோஃப்ளாக்சசின். வலிக்கு மெலாக்சிகாம் எழுதுவார்கள். பெயரைச் சொன்னது நீங்கள் வாங்கிக் கொடுப்பதற்கு அல்ல, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிவதற்கு. அளவு எடையைப் பொறுத்தது, சொட்டுக் கணக்கில்தான் இருக்கும்.

அடுத்தது கை மருந்து. சிறுநீரகக் கல் என்றதும் நமக்கு வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில், சிறுபீளை என்று நாக்கு நுனியில் வரும். மனிதருக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். இதற்கு வருவது வேறு கல், வேறு சிறுநீர். உருவான கால்சியம் கார்பனேட் கல்லைக் கரைக்கும் சாறோ தீவனமோ கிடையாது. கல் கரையும் என்று நம்பிக் காத்திருக்கும் இரண்டு வாரம்தான் இதில் உண்மையான கெடுதல்.

மருத்துவரிடம்

மாடும் நாயும் பார்க்கும் எல்லா மருத்துவரும் இதைப் பார்க்க மாட்டார்கள். போனில் "கினி பிக் பார்ப்பீர்களா, எக்ஸ்-ரே இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். வீட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு. காலையிலேயே போய்விடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கறை பட்ட துணி, முடிந்தால் சிரிஞ்சில் உறிஞ்சிய புதுச் சிறுநீர், கத்தும்போது எடுத்த அரை நிமிட வீடியோ, எடைக் குறிப்பு. வீடியோவை விட்டுவிடாதீர்கள். மேசையில் வைத்ததும் பயத்தில் உறைந்துபோய் ஆரோக்கியசாலி மாதிரி நடிக்கும். கூடையில் பழகிய துணி, ஒரு கைப்பிடிப் புல், கோடை என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று ஓரமாக. துணை இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள், தைரியமாக இருக்கும்.

பையில் கல் என்று உறுதியானால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. நாய்க்குப் போல நீண்ட பட்டினி இதற்கு ஆபத்து, குடல் நின்றுவிடும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அது தின்பதுதான் எல்லாம். தானாகத் தின்னாவிட்டால் பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மிக்சியில் மை போல அரைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில் ஊட்டுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டு இடைவெளியில் நுனியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மென்று விழுங்கும் வரை பொறுத்து. மல்லாத்திப் போட்டு ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

கூண்டிலும் தட்டிலும் மாற்ற வேண்டியது

கால்சியம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே தட்டில் தின்ற இரண்டில் கறுப்பிக்கு வந்தது, அவள் தங்கைக்கு வரவில்லை. ஆனாலும் நம் வீட்டுக் கீரைக் கட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அகத்தியில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கறிவேப்பிலை அதற்கு அடுத்தபடி, முருங்கைக்கீரையிலும் 400க்கு மேல். நமக்குச் சத்து என்று அம்மா தினமும் ஆய்ந்து மிச்சத்தைக் கூண்டில் போடுவது இவைதான். கறுப்பிக்கும் அப்படித்தான் போனது. அகத்தியையும் கறிவேப்பிலையையும் நிறுத்திவிடுங்கள், முருங்கை எப்போதாவது ஒரு கொத்து. பசலையில் ஆக்சலேட் அதிகம், அதுவும் தினசரி வேண்டாம்.

தட்டின் பெரும்பகுதி புல். டிமோத்தி என்ற உலர்ந்த புல் வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் அருகம்புல் போதும். மருந்து தெளிக்காத இடத்தில் பறித்து, அலசி, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். குதிரை மசாலில் (ஆல்ஃபால்ஃபா) கால்சியம் அதிகம், அது வளரும் குட்டிக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும். கடையில் முயல் தீவனத்தையே கினி பிக் தீவனம் என்று கொடுப்பார்கள். அதில் குதிரை மசால் கலந்திருக்கும், வைட்டமின் சி இருக்காது. கூண்டில் தொங்கவிடும் சுண்ணாம்பு, உப்புக் கட்டிகள் தேவையே இல்லை. வைட்டமின் சி நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாயில் ஒரு துண்டு, கொய்யாவில் ஒரு சின்னத் துண்டு, நெல்லிக்காயில் நகம் அளவு. தண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலந்தால் சீக்கிரம் வீரியம் இழக்கும், சுவை பிடிக்காமல் தண்ணீரையே குறைத்துக்கொண்டாலோ இன்னும் வம்பு. பச்சையை அலசி உதறாமல் ஈரத்தோடு கொடுங்கள், தண்ணீர் உள்ளே போக இது சுலபமான வழி.

அப்புறம் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, வாரம் ஒரே நாள் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வளர்ந்த குட்டி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். முப்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம். 50 கிராம் இறங்கினால் தினமும் பாருங்கள், 100 கிராம் இறங்கினால் காரணம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். என் பழைய நோட்டில் கறுப்பியின் கணக்கு இருக்கிறது: 940, 935, 905, 870. கத்தல் என் காதில் விழுந்தது 905 எழுதிய வாரத்தில். எழுதினேன், கூட்டிப் பார்க்கவில்லை.

கல் எடுத்தவர்களுக்குத் திரும்ப வருவது சாதாரணம், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கறுப்பிக்கு மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. பத்தாம் மாதம் எடுத்ததில் பையின் அடியில் லேசாக ஒரு வெள்ளைக் கோடு, சேறு. தண்ணீரைக் கூட்டி, கீரையைக் கிட்டத்தட்ட நிறுத்தி, கூண்டை விட்டு வெளியே ஓடவிடும் நேரத்தை இரட்டிப்பாக்கினோம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பில்தான் சேறு படியும் என்றார் மருத்துவர். அதற்கடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை.